தப்பு விடை எழுதுகிறவள்

யோகலட்சுமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அவள் குடியிருந்த தெருவுக்கே தெரியும். பால்காரர் மற்ற வீடுகளுக்கு எப்படி ஊற்றினாலும் அவள் வீட்டுக்கு மட்டும் அளவு தளும்ப ஊற்றுவார். கேபிள்காரர் அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே பேச வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வார். அவள் கணவன் ராஜதுரை கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் ஆபீசிலேயே பேசி முடித்துவிட்டு வருகிற மனுசன்.

அந்தக் கோபத்தால் அவளுக்கு ஒரு வேலை போயிருந்தது. அதே கோபம்தான் அவளுக்கு இன்னொரு வேலையில் நல்ல பேரும் வாங்கிக் கொடுத்தது.

போனது டீச்சர் வேலை. வாசுதேவநல்லூரில் வயல்காட்டுக் குடும்பத்தில் பிறந்து, எம்.எஸ்சி. கணக்கு படித்து, பி.எட். முடித்து, கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்த சூட்டோடு ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே ரேங்க் கார்டில் உள்ளதை உள்ளபடி எழுதக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். ஃபீஸ் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ‘நன்று, மேலும் முயல்க’தான். ஏழாம் வாய்ப்பாடு தெரியாதவனும் நன்று, பேப்பரில் பேரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவனும் நன்று. யோகலட்சுமி கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பிறகு ஒருநாள், பூ மார்க்கெட் கமிஷன் கடைக்காரர் ஒருவருடைய மகனுக்கு, ‘இவனுக்கு வாய்ப்பாடு தெரியாது, வீட்டில் யாரும் இவனைக் கவனிப்பதாகவும் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டாள். கடைக்காரர் ஆள் கூட்டி வந்தார். தாளாளர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். “எதுக்கு சார் மன்னிப்பு? அவனுக்கு வாய்ப்பாடு தெரியுமான்னு இப்பவே கேட்டுப் பாருங்க” என்றாள். அன்றைக்கே கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கிடைத்ததுதான் கேள்வி எழுதுகிற வேலை. சென்னையில் ஒரு ஆன்லைன் கல்விக் கம்பெனி, தமிழ் வழிப் பிள்ளைகளுக்காகக் கணக்குக் கேள்வி வங்கி உருவாக்கிக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்பு முதல் பத்து வரைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை, அதில் ஒன்று சரி. வீட்டுப் பின்னறையில், சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்க, யோகலட்சுமி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். தறி நின்றால்தான் அவளுக்கு வேலை ஓடாது. கரண்டு போய்விட்டது என்று அர்த்தம்.

சரியான விடையை எந்த மடையனும் எழுதிவிடுவான் என்பது அவள் கட்சி. கஷ்டம் மற்ற மூன்றில் இருக்கிறது. வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால் பிள்ளைகள் அதைத் தொடக்கூட மாட்டார்கள். ஒரு பிள்ளை எந்த இடத்தில் வழுக்கும், வழுக்கினால் எந்த எண்ணில் போய் விழும் என்று தெரிந்து, அந்த எண்ணை அங்கே வைக்க வேண்டும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று ஒரு பிள்ளை சொல்லும். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடும். மைனஸ் மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்கச் சொன்னால், இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ் என்று எங்கேயோ கேட்ட ஞாபகத்தில் எட்டு என்று சொல்லும். இந்த மாதிரித் தப்புகளை உட்கார்ந்த இடத்தில் யோசித்து எடுக்க முடியாது. பிள்ளைகளிடமிருந்துதான் எடுக்க வேண்டும்.

அவளுக்கு அப்படிக் கிடைத்தவள் அனு. எதிர்வீட்டுச் சுடலைமணியின் ஒரே மகள். அம்மா இல்லாத பிள்ளை. சுடலைமணி தெருக் கோடியிலிருந்த விசைத்தறி செட்டில் வேலை பார்த்தார். அவர் ஷிப்டுக்குப் போன நேரமெல்லாம் அனு யோகலட்சுமியின் பின்னறையில்தான் கிடப்பாள். ஆறாவது படிக்கும்போது வர ஆரம்பித்தவள், பத்தாவது பரிட்சை எழுதுகிறவரைக்கும் வந்தாள். புதிய கேள்வி எழுதினால் யோகலட்சுமி முதலில் அவளிடம்தான் போட்டுப் பார்ப்பாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அனு தானாகவே தப்புப் போட்டாள். விவரம் வந்து சரியாகப் போட ஆரம்பித்த பிறகு, “ஏட்டி, இதயே ஒரு மக்குப் புள்ளையா இருந்து போடு பாப்போம்” என்பாள் யோகலட்சுமி. அனுவும் கண்ணை மூடி யோசித்து விதவிதமாகத் தப்பு சொல்லுவாள். சொன்னது அப்படியே கேள்வியில் ஏறும். கணினியில் அதைத் தொட்டால் மஞ்சள் கட்டத்தில் ஒரு விளக்கம் வரும்: ‘பரவாயில்லை, கீழே இருக்கிற எண்களை முதலில் சமமாக்கிப் பார்’ என்கிற மாதிரி இதமாக. தன் தப்புக்கு மஞ்சள் கட்டம் வருவதைப் பார்க்க அனுவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அந்தப் பிள்ளை பார்க்காத இன்னொன்று இருந்தது. ஒவ்வொரு தப்பு விடைக்கும் கம்பெனி ஒரு காரணக் குறிப்பு கேட்கும். இந்த விடையைத் தொடுகிற பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை என்று ஒரு வரி. கேள்வியைச் சரிபார்க்கிறவர்கள் மட்டும் பார்ப்பது. பிள்ளைகளுக்குத் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. இங்கேதான் யோகலட்சுமி, ரேங்க் கார்டில் எழுத விடாததையெல்லாம் சேர்த்து வைத்து எழுதினாள். ‘நன்று’ எழுதி எழுதிச் சலித்த கைக்கு அது கரும்பாக இருந்தது. ‘அவசரக்குடுக்கை, கேள்வியைப் பாதி படித்ததுமே பேனாவைத் திறப்பவர்.’ ‘பின்னம் என்றால் என்னவென்றே புரியாதவர், கூட்டிவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்படுபவர்.’ ‘தெரியாததைத் தெரிந்த மாதிரி வாயடித்துச் சமாளிப்பவர்.’ ‘எத்தனை முறை சொன்னாலும் இவருக்கு ஏறாது.’ சென்னையில் அவளுடைய வேலையைப் பார்க்கும் ப்ரியதர்ஷினி, “மேம், உங்க நோட்ஸ் படிச்சாலே அந்தப் பிள்ளை கண்ணு முன்னாடி வந்து நிக்குது” என்று பாராட்டியிருந்தாள். யோகலட்சுமிக்கு உச்சி குளிர்ந்துபோனது. பிறகு இன்னும் காரமாக எழுதினாள்.

அனு பத்தாவது தேறினாள். கணக்கில் நல்ல மார்க். பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப்தான் எடுப்பேன் என்று பரிட்சைக்கு முந்தியிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். சுடலைமணிக்கு அதில் அரை மனசு. அவருடைய அண்ணன் மகன் கண்ணன் கணக்கு குரூப் எடுத்து, பிளஸ் டூவில் கோட்டை விட்டு, திரும்ப எழுதி அதிலும் கோட்டை விட்டு, ஒருநாள் திருப்பூருக்கு ரயிலேறிப் போனவன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. இருந்தாலும் மகள் ஆசைப்படுகிறாள் என்று தலையாட்டியிருந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கைக்கு மறுநாள்தான் கடைசி நாள் என்றிருக்கும்போது, புதுப் பை வாங்க அனுவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்.

அங்கே ஒரு குடைக்குக் கீழே மேஜை போட்டுக்கொண்டு அந்தச் சென்னைக் கம்பெனியின் விற்பனையாள் உட்கார்ந்திருந்தான். பிரின்ஸ் என்று பேர் குத்திய பனியன். ‘இலவசக் கணிதத் திறன் பரிசோதனை’ என்று பேனர். “வாங்க அண்ணாச்சி, பாப்பாக்கு ஃப்ரீதான்” என்று டேப்லெட்டை நீட்டினான். அனு உட்கார்ந்தாள்.

முதல் கேள்வியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரையும் மூன்றில் ஒன்றும். அதற்குக் கீழே அவள் சொன்ன ஐந்தில் இரண்டு. இது நம்ம அக்கா வீட்டுக் கேள்வி, இது நம்ம தப்பு. மஞ்சள் கட்டம் வருகிறதா பார்ப்போம் என்று அதைத் தொட்டாள். வரவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. அதிலும் அவளுடைய தப்பு ஒன்று இருந்தது. அதையும் தொட்டாள். இப்படியே, பின்னறையில் வருஷக்கணக்காகச் செய்து பழகியதை அந்தக் குடைக்குக் கீழேயும் செய்துகொண்டே போனாள். கடைசிவரை மஞ்சள் கட்டம் வரவில்லை. டேப்லெட் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டாள். பிரின்ஸ் பக்கத்திலிருந்த சின்ன மெஷினில் ஒரு தாளை அச்செடுத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சுடலைமணியின் கையில் கொடுத்தான்.

மதியம் அந்தத் தாளோடு அனு ஓடி வந்தாள். கண் சிவந்திருந்தது.

“அப்பா கணக்கு குரூப்பு வேண்டாம்னுட்டாவ அக்கா. தையல் குரூப்புல சேத்து விடுதேங்காவ. நான் வேணும்னுதான் தப்பாத் தொட்டேன்னு சொன்னா நம்ப மாட்டுக்காவ. இதப் பாருங்களேன், யாரு அக்கா இப்படில்லாம் எழுதுவா?”

யோகலட்சுமி தாளை வாங்கினாள். மேலே கம்பெனி முத்திரை. அதற்குக் கீழே ‘உங்கள் குழந்தையைப் பற்றி எங்கள் நிபுணர்களின் கணிப்பு’ என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே வரிசையாக அவளுடைய வரிகள். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அவசரக்குடுக்கை இருந்தது. வாயடித்துச் சமாளிப்பவர் இருந்தார். எத்தனை முறை சொன்னாலும் ஏறாது என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. “இங்கனயே உக்காரு” என்று அனுவைப் பின்னறையில் விட்டுவிட்டு, மாடிக்குப் போய் ப்ரியதர்ஷினிக்குப் போன் போட்டாள்.

“என்னோட காரணக் குறிப்ப யாரு வெளிய விட்டது?”

“ஓ, பாத்தீங்களா மேம்?” ப்ரியதர்ஷினியின் குரலில் சந்தோஷம்தான் இருந்தது. “போன மாசத்துலேருந்து சேல்ஸ் டீம் யூஸ் பண்றாங்க. பேரன்ட்ஸ் அதப் படிச்சிட்டு உடனே ஜாயின் பண்றாங்களாம். நீங்க எழுதுனதுதான் ஹைலைட்டே.”

“நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும்னு எழுதினத எடுத்து பஸ் ஸ்டாண்டுல ஒட்டியிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“அது கம்பெனி கன்டென்ட் மேம்.”

“கம்பெனியாவது கத்தரிக்காயாவது. ஒரு பிள்ளையோட படிப்பு நாளைக்குக் காலையில போகப் போகுது. அந்த ரிப்போர்ட் தப்புன்னு எழுதி இன்னைக்கே அனுப்புங்க.”

“டெஸ்ட்ல என்ன பதில் வந்துச்சோ அதுக்குத்தான மேம் ரிப்போர்ட்? சிஸ்டம் பண்றது. அதத் தப்புன்னு நான் எப்படி எழுத முடியும்?”

“வெக்கமா இல்ல உங்களுக்கு? பிள்ளைங்க கண்ணுல படக் கூடாததக் கொண்டுபோய் அப்பன் கையில குடுக்கீங்க.”

ப்ரியதர்ஷினி சாதாரணமாகத்தான் கேட்டாள். “கண்ணுல படக் கூடாதுன்னா ஏன் மேம் அப்படி எழுதுனீங்க?”

யோகலட்சுமி போனை வைத்துவிட்டாள். கீழே இறங்கும்போது அந்தக் கோபத்தோடு அவளுக்கு வேறு எங்கேயாவது போய் மோத வேண்டியிருந்தது. பின்னறைக்குப் போய் அனுவின் கையைப் பிடித்தாள். “வா, உங்க அப்பாட்டப் போவோம்.”

இந்த இடத்தில் அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போயிருக்கலாம். ஆனால் கோபம் வந்தால் யோகலட்சுமி யோசிக்கிற ஆள் இல்லை. வேணும் என்றே தப்பாகத் தொட்டதற்குச் சாட்சி அனுதானே என்று அவளையும் இழுத்துக்கொண்டு தறி செட்டுக்கு நடந்தாள்.

செட்டுக்குள் காது அடைக்கும் சத்தம். சுடலைமணி இரண்டு தறிக்கு நடுவில் நின்று அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தலையசைத்தார். அவளைவிட வயதில் மூத்தவர் என்றாலும் டீச்சர் என்ற மரியாதையை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

“அண்ணாச்சி, அந்தப் பேப்பர நம்பாதீய” என்று கத்தினாள் யோகலட்சுமி. கத்தினால்தான் அங்கே கேட்கும்.

“என்ன டீச்சர், நீங்களும் பிள்ளையோட சேந்து பேசுதீய.”

“அவ விளையாட்டுக்குத் தொட்டிருக்கா. எல்லாத்தயும் தப்பாத் தொடணும்னா சரியானது எதுன்னு தெரிஞ்சிருக்கணும்லா? தெரியாத பிள்ள தொட்டா குருட்டாம்போக்குல நாலு சரியாயிருக்கும்.”

“பேச்சுல உங்கள ஜெயிக்க முடியாது டீச்சர்.”

“வேணும்னா உங்க முன்னாலயே இன்னொரு தடவ எழுதச் சொல்லுதேன். அதே கேள்வி.”

“அதே கேள்விய இத்தன வருசமா உங்க வீட்டுல பாத்திருக்கா. இப்ப மனப்பாடமா எழுதிருவா. அதுல என்னத்தக் கண்டுபிடிக்க?” சுடலைமணி சட்டைப்பையைத் தொட்டார். செட்டுக்குள் வந்ததுமே அனு திருப்பிக் கொடுத்த தாள் அங்கேதான் இருந்தது. “டீச்சர், மார்க்க வச்சு நான் சொல்லல. மார்க்கு கூடும், குறையும். இத எழுதினவன் இருக்கான் பாருங்க, அவன் எம் புள்ளயப் பக்கத்துல இருந்து பாத்த மாதிரி எழுதியிருக்கான். அவசரக்குடுக்கைங்கான். சின்னதுலருந்தே அப்படித்தான அவ? தெரியாதத வாயடிச்சுச் சமாளிப்பாங்கான். எங்கிட்டயே எத்தன தடவ செஞ்சிருக்கா. முன்னப்பின்னத் தெரியாதவன் இவ்வளவு கரெக்டாச் சொல்லுதான்னா, ஏறாதுன்னு அவன் சொல்லுததும் சரியாத்தான இருக்கும்? கண்ணன் போன மாதிரி இவளும் போயிட்டா நான் யாரப் பாத்துக்கிட்டு இருப்பேன்?”

அவர் சொன்னது எல்லாம் சரி. அது அனுதான். பதினொரு வயது அனு, பின்னறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு காலை ஆட்டியபடி ஐந்தில் இரண்டு என்று சொன்ன அனு. அவளைப் பார்த்துத்தான் அந்த வரிகள் எழுதப்பட்டன. அந்தப் பிள்ளை வளர்ந்துவிட்டாள், பின்னத்தையும் பிடித்துவிட்டாள், அதற்கு மேலும் போய்விட்டாள். வரிகள் மட்டும் வளராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தன.

அனு பக்கத்தில் நின்றாள். சொல்லாமல் இருந்துவிட்டால் பிள்ளை தையல் குரூப்புக்குப் போவாள், அக்கா மேல் வைத்த பிரியம் மட்டும் மிஞ்சும். சொன்னால் என்ன ஆகும் என்று யோகலட்சுமிக்குத் தெரிந்தே இருந்தது.

“அண்ணாச்சி, அத எழுதினது நான்தான்.”

சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டினார்.

“அத எழுதினது நான். நான்தான்.”

சுடலைமணி தறியை நிறுத்தினார். பக்கத்துத் தறியையும் நிறுத்தினார். ஷிப்டு நடக்கும்போது ஆள் வந்து பேசினால் அவர் தறியை நிறுத்துகிறவர் இல்லை. செட்டின் அந்தக் கோடியில் மற்றவர்களின் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“எம் புள்ளைக்காக நீங்க என்னத்தயும் சொல்லுவீய டீச்சர். அதுல நிபுணர்னு போட்டிருக்கு.”

“அந்த நிபுணர் நான்தான். பேப்பர எடுங்க. நீங்க ஒரு வரி வாசிங்க. அடுத்த வரிய நான் பாக்காமச் சொல்லுதேன்.”

அவர் தாளை எடுத்து விரித்தார். நூல் தூசி ஒட்டிய விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். “அவசரக்குடுக்கை. கேள்வியைப் பாதி படித்ததுமே...”

“பேனாவைத் திறப்பவர்” என்றாள் யோகலட்சுமி. “அடுத்தது பின்னம். பின்னம் என்றால் என்னவென்றே புரியாதவர், கூட்டிவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்படுபவர். அதுக்கு அடுத்தது, தெரியாததைத் தெரிந்த மாதிரி வாயடித்துச் சமாளிப்பவர். அதுக்கும் கீழ...”

அவள் அனுவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

“எத்தனை முறை சொன்னாலும் இவருக்கு ஏறாது.”

சுடலைமணி கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டே நின்றார். பிறகு தாளை நான்காக மடித்தார்.

“என் வீட்டுப் பிள்ள உன் வீட்டுல வந்து விழுந்து கிடந்தா. நானும் டீச்சரு சொல்லிக் குடுக்காவன்னு நினைச்சுக்கிட்டு இங்கன நூல் முடிஞ்சுக்கிட்டிருந்தேன்.” இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து ‘நீ’ வந்தது. “நீ அவ தப்பெல்லாம் பொறுக்கி எடுத்து வித்திருக்க. வித்ததோட விட்டியா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரும் வச்சிருக்க.”

“நான் அவளப் பத்தி எழுதல அண்ணாச்சி. அப்படித் தப்புப் போடுத எல்லாப் பிள்ளைகளப் பத்தியும்...”

“அப்ப மத்த பிள்ளைகள மட்டும் சொல்லலாமா?”

ஊரில் எத்தனை அப்பன்மார் இன்றைக்கு இந்த மாதிரி ஒரு தாளைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ராயகிரியிலோ தென்காசியிலோ ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒரு பிள்ளை, நான் வேணும்னு தொடல அப்பா, எனக்கு நிஜமாவே தெரியல என்று அழுதுகொண்டிருக்கும்.

“நாளைக்குக் கணக்கு குரூப்புலயே கையெழுத்துப் போடுதேன்” என்றார் சுடலைமணி. “நீ வந்து சொன்னதுக்காக இல்ல. யாரோ எழுதினதப் படிச்சிட்டு, பெத்த புள்ளய நானே ஒரு நாள் மக்குன்னு நினைச்சேன் பாரு, அதுக்காகப் போடுதேன். அவ தோத்தாலும் பரவால்ல. நீ இனி எங்க வீட்டுப் பக்கம் வராத. ஏட்டி அனு, நீயும் அங்கன போவாத.”

தறியை ஓட விட்டார். அதற்குப் பிறகு யார் என்ன பேசினாலும் கேட்காது. யோகலட்சுமி திரும்பிப் பார்த்தபோது அனு செட்டில் இல்லை, முன்னாலேயே போய்விட்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே யோகலட்சுமி கம்பெனிக்கு எழுதினாள். காரணக் குறிப்பு எல்லாவற்றையும் எடுங்கள், இல்லையென்றால் என் பேரில் ஒரு கேள்வியும் இருக்கக் கூடாது என்று சண்டை போட்டாள். கேள்விகளில் அவள் பேரே கிடையாது, எடுக்க ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. வேலையை விட்டாள். அவர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். பிரின்ஸின் குடை பஸ் ஸ்டாண்டில் மாசம் முழுக்க நின்றது. ஒருநாள் அவள் நேரே போய் அவனிடம் கத்தினாள், கூட்டம் கூடியது, அவன் பாவம், “எனக்கென்ன அக்கா தெரியும், பிரிண்ட் எடுக்கச் சொன்னாவ, எடுக்கேன்” என்றான். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அவன் மேலும் கோபப்பட முடியாமல் திரும்பி வந்தாள். ராஜதுரை, “போதும் தாயி, யாருட்டத்தான் சண்டை போடுவ” என்றான். அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

அனு கணக்கு குரூப்பில் சேர்ந்துவிட்டாள் என்பது தெருவில் பேசிக்கொண்டதில் தெரிந்தது. எதிர்வீட்டுக் கதவு திறக்கும், மூடும். யாரும் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் கழித்து, காய்கறிக் கடையில் யோகலட்சுமி நிற்கும்போது அனு புதுச் சீருடையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூடையில் கணக்குப் புத்தகம் புது அட்டையோடு இருந்தது. யோகலட்சுமிக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. “பாடமெல்லாம் எப்படி இருக்கு மக்கா?” என்றாள்.

“புரியுது.”

அதோடு போய்விடுவாள் என்றுதான் நினைத்தாள். அனு சைக்கிளை நிறுத்தினாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. யோகலட்சுமி கண்ணாடியில் பார்த்துப் பழகிய ஒரு கோப முகம்தான் அங்கே இருந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன் அக்கா. நான் தப்பாச் சொல்லும்போதெல்லாம் சிரிச்சிக்கிட்டே நல்லா இருக்குட்டி, இன்னொண்ணு சொல்லுன்னு சொல்லுவீய. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடத்துல தப்புச் சொன்னா அடிப்பாவ, நீங்க மட்டுந்தான் சிரிப்பீய.” அவள் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. “அந்த ஏறாதுங்கிறத, நான் போன பிறகு உக்காந்து யோசிச்சு எழுதுனீயளா? இல்ல, சிரிக்கும்போதே மனசுல நினைச்சுக்கிட்டீயளா?”

கடைக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யோகலட்சுமி வாயைத் திறந்தாள்.

அனு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

சிரிக்கும்போதேதான் நினைத்திருந்தாள்.